எத்தின நாடு எண்டு போடுறீங்கள், எத்தின மணித்தியாலம் பஸ்ஸுக்குள்ள எண்டும் போடுங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கட பத்திரிகையில ஞாயிற்றுக்கிழமையில வாற ஐரோப்பா டூர் விளம்பரங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஐஃபல் டவர், பிசா கோபுரம், பனிமலை மூண்டையும் ஒரே படத்தில ஒட்டி, மேல பெரிய எழுத்தில "12 நாள் 10 நாடு" எண்டு போட்டு, கீழ ஒரு போன் நம்பர். முந்தி இதெல்லாம் கொழும்பு ஆக்களுக்கு எண்டு இருந்தது, இப்ப திருகோணமலையிலயும் குறூப் சேர்க்கிறாங்கள், பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில இருந்து உப்புவெளி கலியாண மண்டபம் வரைக்கும் ஆரோ ஒருத்தர் கையில நோட்டீசோட நிக்கிறார்.

அக்கா, அத்தானோட நானும் அப்பிடி ஒரு குறூப்பில போய் வந்தனான். போய் வந்த நாளில இருந்து றோட்டில சந்திக்கிற ஆக்கள் கேக்கிற கேள்வி ஒண்டுதான், "எத்தின நாடு பார்த்தனீங்கள்?" விளம்பரம் எங்களை அப்பிடிப் பழக்கி வைச்சிருக்கு. நான் சொல்ல வாறது, நாட்டுக் கணக்கை விட்டிட்டு இரண்டு விசயத்தைக் கம்பனிக்காரர் எழுத்தில போட வேணும்: ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்குள்ள எத்தின மணித்தியாலம், ஒவ்வொரு இடத்திலயும் உள்ள போறமா வெளிய நிண்டு படம் எடுக்கிறமா.

முதல்லயே சொல்லிப் போடுறன், நான் குறூப் டூருக்கு எதிரி இல்ல. எங்கட வயசு ஆக்களுக்கு அதுதான் நல்லது. பாசை தெரியாத ஊரில ரெயில் மாறி, பெட்டியை இழுத்து, ஹோட்டல் தேடி அலைய அத்தானுக்கு முழங்காலும் விடாது அக்காவுக்குப் பொறுமையும் விடாது. காலமை பெட்டியை ஹோட்டல் வாசலில வைச்சால் பஸ்ஸில ஏறீட்டுது, பின்னேரம் ஒரு சோறு கிடைக்குது, மருந்து குடிக்க மறந்தால் ஞாபகப்படுத்தப் பக்கத்து சீட்டில ஒரு ஆள் இருக்கு. எங்களோட வந்த டூர் மனேஜர் பிள்ளை, நல்ல பிள்ளை, கொழும்புப் பக்கம், ராவில எல்லாருக்கும் ரூம் சாவி குடுத்து முடிச்சு ஆற்றயோ சுடுதண்ணி வரேல்ல எண்டு திரும்ப ஓடி, காலமை எங்களுக்கு முன்னம் கீழ நிக்கும். அந்தப் பிள்ளையில பிழை சொன்னால் வாய் புழுக்கும். பிழை எல்லாம் அந்த அட்டவணையைப் போட்டவனில.

நாட்டுக் கணக்கை எப்பிடிக் கூட்டுறாங்கள் எண்டு பாருங்கோ. வத்திக்கான் ஒரு நாடு. ரோமுக்கு நடுவில அரைச் சதுர கிலோமீற்றர் கூட இல்லாத இடம், சதுக்கத்துக்குள்ள கால் வைச்சால் கணக்கில ஒண்டு. லிக்டென்ஸ்டைன் இன்னொண்டு. மொத்தம் 160 சதுர கிலோமீற்றர், வடக்கில இருந்து தெற்கு ஒரு 25 கிலோமீற்றர், நாங்கள் கந்தளாய் போற தூரமே அதை விடக் கூட. அதின்ர தலைநகர் வடூசில பஸ்ஸை நிப்பாட்டி, பாஸ்போர்ட்டில நினைவுக்கு ஒரு முத்திரை குத்த வேணுமெண்டால் அதுக்குக் காசு, ஒரு ஐஸ்கிறீம், திரும்ப ஏறு. இதுவும் ஒரு நாடு, ஜேர்மனியும் ஒரு நாடு. பத்து எண்டு சொல்லுறதில இரண்டு மூண்டு இப்பிடித்தான் வரும்.

மிச்ச நேரம் எங்க போகுது எண்டால் றோட்டில. பாரிசில இருந்து ஆம்ஸ்டர்டாம் 500 கிலோமீற்றர் அளவு. வெனிசில இருந்து ரோம் அதைவிடக் கூட. எங்களுக்குக் கொழும்பு 260 கிலோமீற்றர் சொச்சம், ராப் பஸ்ஸில போய் இறங்கினால் அடுத்த நாள் முழுக்க உடம்பு நோகுது எண்டு படுக்கிற ஆக்கள் நாங்கள், அதை மாதிரி இரண்டு மடங்கு தூரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் போகப் போறம் எண்டு நோட்டீசில ஒரு இடத்திலயும் இல்ல. "ஆம்ஸ்டர்டாம் நோக்கிப் பயணம், வழியில புரூசெல்ஸ்" எண்டு மட்டும் இருக்கும், வாசிக்கேக்க வலு இனிமை.

அங்க பஸ் ஓட்டுறதுக்குக் கடுமையான சட்டம் இருக்கு, இது போகப் போற எல்லாரும் தெரிஞ்சு வைச்சிருக்க வேணும். ஐரோப்பிய ஒன்றியத்தில 2006ம் ஆண்டுச் சட்டப்படி டிரைவர் ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம்தான் ஓட்டலாம், கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணித்தியாலம் ஓட்டினால் கட்டாயம் 45 நிமிசம் நிப்பாட்ட வேணும். ராவில வழமையா 11 மணித்தியாலம் ஓய்வு. இதெல்லாம் பஸ்ஸில பூட்டியிருக்கிற டக்கோகிராப் எண்ட மிசினில பதிஞ்சு கொண்டே இருக்கும், பொலிஸ் மறிச்சால் அதைத்தான் முதல்ல பாக்கும். இது தெரியாமல் எங்கட குறூப்பில பாரிசில பெரிய சண்டை. நோட்டீசில "பாரிஸ் இரவு ஒளி உலா" எண்டு போட்டிருக்கு, நாங்கள் போனது ஜூன் மாசம், ஜூனில பாரிசில சூரியன் படவே ராப் பத்து மணி ஆகும், அதுக்குப் பிறகுதான் ஐஃபல் டவரில மின்னுற லைட்டு ஒவ்வொரு மணித்தியாலமும் அஞ்சு நிமிசம் போடுவாங்கள். காலமையில இருந்து வேலை செய்யிற டிரைவருக்கு அந்த நேரம் எங்க மிச்சம் இருக்கும்? பகல் வெளிச்சத்தோடயே ஒரு சுத்துச் சுத்திப்போட்டு ஹோட்டலுக்கு விட்டிட்டார். ஓய்வுபெற்ற அதிபர் ஐயா ஒருத்தர் முன்னுக்குப் போய் "காசு குடுத்திருக்கிறம், லைட் போட்டாப் பிறகு திருப்பிக் கொண்டு போய்க் காட்டு" எண்டு சத்தம் போட, டிரைவர் ஒரு கதையும் கதைக்கேல்ல, அந்த மிசினில ஒரு பட்டனை அமத்தி பில்லுத் துண்டு மாதிரி ஒரு கடதாசி அடிச்சு வந்ததைக் கிழிச்சு ஐயாவின்ர கையில குடுத்தார். ஐயா கண்ணாடியைத் தேடி எடுத்து அதைக் கனநேரம் பார்த்தார், பிறகு மடிச்சு சேட்டுப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு வந்து இருந்திட்டார். டிரைவரில என்ன பிழை? ஜூன் மாசத்தில இரவு ஒளி உலாவை வித்தவன் கொழும்பில ஏசி அறைக்குள்ள இருக்கிறான்.

இனி உள்ள, வெளிய விசயம். டூர் அட்டவணையில "பார்வையிடுதல்" எண்டு எழுதியிருந்தால் அது எதையும் குறிக்கும். பஸ் ஜன்னலாலயும் பாக்கலாம், இறங்கிப் பத்து நிமிசம் படம் எடுத்தும் பாக்கலாம், டிக்கெட் எடுத்து உள்ள போயும் பாக்கலாம். மூண்டுக்கும் ஒரே சொல்லுத்தான் போடுறாங்கள். லூவர் மியூசியம் எண்டு இருக்கும், கண்ணாடிப் பிரமிட்டுக்கு முன்னால நிண்டு படம், அவ்வளவுதான், உள்ள இருக்கிற மோனாலிசாவுக்கும் உங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்ல. செவ்வாய்க்கிழமை லூவர் பூட்டு, அந்த நாளில பாரிஸ் விழுதோ எண்டும் பாக்க வேணும். ஐஃபல் டவர் எண்டு இருக்கும், இரண்டாம் தட்டா உச்சியா எண்டு இராது. இரண்டாம் தட்டு ஒரு 116 மீற்றர் உயரம், உச்சித் தட்டு 276, டிக்கெட் விலையும் வேற.

ஆகக் கூட ஏமாறுறது ரோமிலதான். "வத்திக்கான் உள்ளடக்கம்" எண்டு பெருமையாப் போடுவாங்கள். புனித பேதுரு பேராலயத்துக்குள்ள போக உலகத்தில ஒருத்தருக்கும் காசு இல்ல, செக்கிங் லைனில நிண்டால் போதும், தோளும் முழங்காலும் மூடி உடுத்தியிருக்க வேணும். இலவசமாக் கிடைக்கிறதை உள்ளடக்கம் எண்டு விக்கிறாங்கள். எங்கட ஆக்கள் நினைச்சுக் கொண்டு போறது மைக்கலேஞ்சலோ கூரையில கீறின படத்தை. அது சிஸ்ரைன் சப்பலில, அங்க போறது வத்திக்கான் மியூசியத்துக்குள்ளால, அதுக்கு டிக்கெட் வேற, முன்கூட்டிப் பதியாட்டில் வெய்யிலுக்குள்ள லைனில நிண்டு காயலாம், மாசக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில பூட்டு. எங்களோட வந்த ஒரு ரீச்சர், கத்தோலிக்க ஆள், சின்ன வயசில இருந்து கலண்டரில பார்த்த படம் எண்டு அதுக்காகவே காசு சேர்த்து வந்தவ, பேராலயத்துக்குள்ள நிண்டு மேல பார்த்துக் கொண்டு "எங்க அந்தப் படம்" எண்டு என்னட்டக் கேக்கிறா. எனக்கு என்ன தெரியும். கொலோசியமும் அப்பிடித்தான், வெளியால ஒரு சுத்து. உள்ள போறதெண்டால் இப்ப டிக்கெட்டில ஆளின்ர பேரே அடிக்கிறாங்கள், அந்த இடத்தில நிண்டு கெஞ்சி எடுக்கிற சாமான் இல்ல அது.

சில நேரம் கம்பனியில மட்டும் பிழை சொல்லவும் ஏலாது. இத்தாலியில ரோம், புளோரன்ஸ் மாதிரி நகரங்களுக்குள்ள பெரிய பஸ் வாறதுக்குத் தனியாக் காசு கட்ட வேணும், அதால பஸ் தூரத்தில நிக்கும், மிச்சம் நடை. வெனிசில பஸ் துறொங்கேத்தோ எண்ட இடத்தில நிண்டு, அங்கால படகு. அங்க 2024ல இருந்து ஒரு குறூப்புக்கு 25 பேருக்கு மேல இருக்கக் கூடாது, கைடு ஸ்பீக்கர் போட்டுக் கதைக்கவும் கூடாது எண்டு சட்டம், பகலில வந்து போற ஆக்களிட்ட சில நாட்களில நுழைவுக் காசும் எடுக்கிறாங்கள். ஒரு பஸ் நிறைய ஏத்திக்கொண்டு போறவன் அங்க குறூப்பை இரண்டாப் பிரிச்சு இரண்டு கைடு பிடிக்க வேணும், அந்தச் செலவைப் போட்டிருக்கிறானோ எண்டு கேக்கிறதில பிழை இல்ல.

எங்கட ஊர்க்காரருக்கு இது புதுக்கதையும் இல்ல. கோணேசர் கோயிலடியில நிண்டு பாருங்கோ, கொழும்பில இருந்து வெள்ளைக்காரரை ஏத்திக்கொண்டு வாற பஸ் கோட்டைக்குள்ள வரும், மானுக்கு ஒரு படம், இராவணன் வெட்டில ஒரு படம், கோயில் வாசலில செருப்பைக் கழட்டிறதா விடுறதா எண்டு ஒரு யோசனை, கைடு மணிக்கூட்டைக் காட்டுவான், ஏறி நிலாவெளிக்குப் போயிடுவாங்கள். அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் இடிச்சதும், அந்தக் கல்லில கோட்டை கட்டினதும், 1639ல ஒல்லாந்தர் வந்து அந்தக் கோட்டையைப் பிடிச்சதும் ஒண்டும் அவங்களுக்குத் தெரிய வராது. திருகோணமலை பார்த்தாச்சு எண்டு ஊரில போய்ச் சொல்லுவாங்கள். ஆம்ஸ்டர்டாமில கால்வாய்ப் படகில ஹெட்போனைக் காதில மாட்டிக்கொண்டு, இது வியாபாரிமார் கட்டின வீடுகள், ஒல்லாந்தரின்ர கிழக்கிந்தியக் கம்பனி 1602ல தொடங்கினது எண்டு கேட்டுக் கொண்டு போகேக்க நானும் அந்த வெள்ளைக்காரரில ஒருத்தியாத்தான் இருந்தன். (அந்த வீடுகள் கட்டின காசில எங்கட கறுவாக் காசும் கிடக்கும், அதை ஹெட்போன் சொல்லேல்ல.)

விசாவைப் பற்றிச் சுருக்கமாச் சொல்லுறன். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவில கன நாட்டுக்கும் சேர்த்து ஒண்டாக் குடுக்கிற விசா) 2024 ஜூனில இருந்து 90 யூரோ, சேர்விஸ் சார்ஜ் வேற, மறுத்தால் திரும்பி வராது. கைரேகை குடுக்க நேரில கொழும்பு போக வேணும், ஒருக்காக் குடுத்தால் 59 மாசத்துக்கு வைச்சிருப்பாங்கள். குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். ஆறு மாசத்துக்கு முன்னமே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் எண்டு ஓடாதேங்கோ. கூட நாள் தங்கிற நாட்டுக்குத்தான் விண்ணப்பம், அதால நடுவில அட்டவணையை மாத்துறம் எண்டு கம்பனி சொன்னால் ஏன் எண்டு கேளுங்கோ. லண்டனோ துருக்கியோ சேர்த்தால் அதுக்கு விசா வேற வேற, சேர்பியா, பொஸ்னியா பக்கம் போய் திரும்ப ஷெங்கனுக்குள்ள வாறதெண்டால் பல தடவை நுழையிற விசா வேணும். இதைச் சொல்லாமல் "ஐரோப்பா பிளஸ் துருக்கி" எண்டு விக்கிற நோட்டீஸ் இப்ப நிறையத் திரியுது.

பனிமலை விசயத்தில வயசான ஆக்களுக்கு ஒண்டு சொல்ல வேணும், இதை ஒரு கம்பனியும் போடுறேல்ல. சுவிசில யுங்ஃபிரா மலையில ரெயில் கொண்டு போய் விடுற இடம் 3,454 மீற்றர், எங்கட பிதுருதலாகலை உச்சியே 2,524தான். அங்கத்தைய டிட்லிஸ் மலையில கேபிள்கார் நிக்கிறது 3,020. கடல் மட்டத்தில பிறந்து கடல் மட்டத்தில வளந்த எங்களைக் கொஞ்ச நேரத்தில அவ்வளவு உயரத்துக்கு ஏத்தினால் தலை சுத்தும், மூச்சு வாங்கும். அக்கா ஒரு படி ஏறிப்போட்டு இருந்திட்டா, மேல இருந்த நேரம் முழுக்க ஒரு கதிரையிலதான். இருதயக்காரர், பிரசர்காரர் டொக்டரிட்டக் கேட்டுப்போட்டுப் போங்கோ. முகில் மூடினால் வெள்ளைச் சீலை விரிச்ச மாதிரி ஒண்டும் தெரியாது, டிக்கெட் காசும் திரும்பாது. மேல என்ன தெரியுது எண்டு கமராவில காட்டுறாங்கள், காலமை அதைப் பார்த்திட்டு நாளை மாத்திப் போடுற வசதி இரண்டு இரவு ஒரே ஊரில தங்கினால்தான் இருக்கும். நாளைக்கு ஒரு நாடு எண்டு ஓடுறவனுக்கு அது இல்ல.

எனக்கு ஆக மனவருத்தமான விசயம் சொந்தக்காரர் விசயம். திருகோணமலையில இருந்து போற எந்தக் குறூப்பிலயும் பாதிப் பேருக்கு மேல பிள்ளையோ சகோதரமோ பாரிசிலயோ சூரிச்சிலயோ ஜேர்மனியிலயோ இருக்கும். எங்கட தம்பி ஜேர்மனியில, டோர்ட்முண்டில. கொலோன் தேவாலயத்தடியில நிக்க ஒரு மணித்தியாலம் கூடத் தரேல்ல, 157 மீற்றர் உயரக் கோபுரம், 1248ல தொடங்கி 1880லதான் கட்டி முடிச்சது எண்டு கைடு சொல்லுறா, நாங்கள் ஒருத்தரும் அண்ணாந்து பாக்கேல்ல, தம்பி சன நெரிசலுக்குள்ளால ரோல்ஸ் பெட்டியும் பிளாஸ்கில தேத்தண்ணியும் கொண்டு ஓடி வாறான், மச்சாள் பின்னால பிள்ளையளை இழுத்துக்கொண்டு வாறா. அக்கா அவனைக் கண்டு எத்தினையோ வருசம். படியில இருந்து ஆளுக்கு ஒரு ரோல்ஸ் சாப்பிட்டு, அவன்ர சின்னவள் எங்களை ஆரெண்டு விளங்கிச் சிரிக்கத் தொடங்க, டூர் மனேஜர் பிள்ளை கொடியைத் தூக்கீட்டுது.

கொலோனில இருந்து ஒரு 120 கிலோமீற்றரில ஹம் எண்ட ஊரில காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு, 2002ல கும்பாபிசேகம் நடந்தது, எங்கட ஆக்கள் கட்டின கோயில், ராஜகோபுரத்தோட. ஏ2 நெடுஞ்சாலைக்குக் கிட்ட, பஸ் போக வசதியான இடம். தேருக்கு ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும். பாரிசில லா சப்பலில மாணிக்க விநாயகர் கோயில், 1985ல தொடங்கினது, ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கம் எண்டு தேர் வரும், றோட்டில தேங்காய் உடைப்பாங்கள். எங்களை வைச்சிருந்த ஹோட்டல் சார்ள்ஸ் டி கோல் எயார்போட்டுப் பக்கம், அங்கயிருந்து ஆர்.இ.ஆர். பி ரெயிலில அரை மணித்தியாலத்தில கார் து நோர், இறங்கி நடந்தால் லா சப்பல், இடியப்பமும் சொதியும் வாங்கலாம். அதுக்கு ஒரு பின்னேரம் தரேல்ல, ஒரு வாசனைச் சாமான் மியூசியத்தில கொண்டு போய் விட்டாங்கள், உள்ள போறது இலவசம், வெளிய வாற வழி கடைக்குள்ளால. தமிழ் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போற தமிழ்க் கம்பனிக்கு இது தோணேல்லயா எண்டுதான் எனக்கு இண்டைக்கும் கோவம். லூர்து, பாத்திமா எண்டு கோயில் பங்குகளால போற யாத்திரைக் குறூப்பைப் பாருங்கோ, அவங்கள் குறைஞ்ச இடம், கூட இரவு. லூர்தில ராத்திரி மெழுகுதிரிப் பவனி இருக்கிறதால தங்கித்தான் ஆக வேணும், அதால அந்த ஆக்கள் களைச்சு வாறதும் குறைவு.

சில்லறைச் செலவும் சொல்லீட்டு விடுறன். டிரைவருக்கும் மனேஜருக்கும் டிப்ஸ், ஹோட்டலில நகர வரி, "விருப்பத் தெரிவு" எண்டு பஸ்ஸில மைக் பிடிச்சு விக்கிற உலாக்கள், தனிய போனால் தனி அறைக் காசு, ஜேர்மனி நெடுஞ்சாலையில ஒண்டுக்குப் போக ஒரு யூரோ (அதுக்கு ஒரு கூப்பன் தருவாங்கள், அதைக் கொண்டு கடையில இன்னும் காசைச் செலவழிப்பீங்கள்). தண்ணிப் போத்தல் வாங்காதேங்கோ, ரோமில தெருவுக்குத் தெரு குழாயில நல்ல தண்ணி ஓடுது.

ஆசிரியர் ஐயா, ஐரோப்பிய ஒன்றியத்தில 2015ல ஒரு சட்டம் கொண்டு வந்து 2018 ஜூலையில இருந்து நடைமுறையில இருக்கு. டூர் விக்கிறவன் காசு வாங்க முன்னம் பயண வழி, எத்தின இரவு, இடையில எங்க எவ்வளவு நேரம் நிக்கிறது, எந்த உலா விலைக்குள்ள அடங்கும், குறூப்பில ஏறக்குறைய எத்தின பேர், நடக்கக் கஸ்டப்படுற ஆக்களுக்குப் பொருந்துமோ எண்டெல்லாம் சொல்ல வேணும், பிறகு விலையை நூற்றுக்கு எட்டுக்கு மேல கூட்டினால் விட்டிட்டுக் காசைத் திருப்பி எடுக்கலாம். இஞ்ச காசு கட்டி இஞ்ச இருந்து போற எங்களுக்கு அந்தச் சட்டம் கை குடுக்காது, ஆனால் அதில இருக்கிற கேள்விகளைக் கேக்கிறதை ஆரும் தடுக்கப் போறதில்ல. உங்கட பத்திரிகையும் ஒண்டு செய்யலாம். இந்த விளம்பரம் போட வாறவங்களிட்ட, நாள் வாரியா பஸ் நேரத்தையும், உள்ளயா வெளியயா எண்டதையும் சின்ன எழுத்திலயாவது போடச் சொல்லுங்கோ. ஐஃபல் டவர் படத்தைக் கொஞ்சம் சின்னனாக்கினால் இடம் தாராளமா வரும்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகி ஒருத்தி,
திருகோணமலை.